பந்திக்கு யாரை அழைப்பீர்கள்?

வாலிபர் கூடுகைகளில் ஒரு விளையாட்டு நடத்தப்படுவதுண்டு. மரித்தவர்களோ உயிரோடிருப்பவர்களோ, உலகத்தில் எவரையும் உங்கள் வீட்டு இரவு விருந்துக்கு அழைக்கலாம் என்றால் யாரை அழைப்பீர்கள் என்று கேட்டு, ஐந்து பெயர்களை எழுதச் சொல்லுவார்கள். அப்துல் கலாம், சச்சின் டெண்டுல்கர், அப்போஸ்தலனாகிய பவுல் என்று பட்டியல் நீளும். தாளைப் படித்தால் எழுதினவரின் உள்ளம் ஓரளவு தெரிந்துவிடும். இசை கற்கிறவன் பாடகரை அழைப்பான். வேலை தேடுகிறவன் தொழிலதிபரை அழைப்பான். விருந்து கொடுப்பதாகத்தான் எழுதுகிறோம். வாங்கிக்கொள்ளும் எண்ணம் உள்ளே இருக்கிறது.

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையிலுள்ள குடிபாலா பகுதியிலிருந்து நகரத்துக்கு வந்து குடியேறின குடும்பங்களைக் கேட்டால், மிஷனெரி மருத்துவர்களின் பெயர்கள் வராமல் இரா. அது இயல்பே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சித்தூர் வளாகம் குடிபாலா மண்டலத்திலேயே இருக்கிறது. 1900-இல் ஒரே படுக்கையோடு வேலூரில் அப்பணியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரையும், 1946-இல் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட் அவர்களையும் தம் பந்தியில் உட்காரவைக்க யார்தான் விரும்பமாட்டார்கள்?

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். தொழுநோயால் நரம்புகள் செயலிழந்து மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மறுபடியும் அசையச் செய்தார். நல்ல நிலையிலுள்ள தசைநார் ஒன்றைத் திருப்பிச் செயலற்ற விரல்களோடு இணைப்பது அவருடைய முறை. நோயாளியின் விரல்கள் குறைந்துபோவதற்கு, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே பெரும் காரணம் என்று எடுத்துக் காட்டியவரும் அவரே. மடங்கிய கையால் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடியாது; நம் பகுதியின் கேழ்வரகுக் களியைக்கூடக் கிள்ளி எடுக்க முடியாது. ஆக, கையை இழந்தவன் பந்தியையும் இழந்தான். பயத்தினால் ஊர் அவனை ஒதுக்கிவைத்தது வேறு. இப்படிப்பட்டவனை மறுபடியும் இலைக்கு முன்பாக உட்காரவைக்கப் பாடுபட்ட மருத்துவரின் பெயர் நம் பட்டியலில் இருக்கும். அந்த நோயாளிக்கு அதில் இடமிராது. பெத்தானியாவிலே குஷ்டரோகியாயிருந்த சீமோன் வீட்டில் ஆண்டவர் பந்தியிருந்ததை (மாற்கு 14) நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம்!

கற்பனை விருந்தில் மற்றொரு வசதியும் உண்டு. மரித்த பெரியோர் வரப்போவதில்லை. சமையல் செலவில்லை, யார் அருகில் யார் உட்காருவது என்ற தொல்லையுமில்லை. மெய்யான பந்தியோ அப்படியல்ல. 1847-இல் மதுரை அமெரிக்கன் மிஷன், சாதியை விட்டதற்கு அடையாளமாகத் தன் உபதேசிமார் எல்லாரோடும் ஒரே பந்தியில் உண்ணவேண்டும் என்று கேட்டது. வேதத்தைப் போதித்துவந்த பலர் அதற்கு இணங்காமல் ஊழியத்தை இழந்தார்கள். மிஷனெரிகள் கடுமை காட்டினார்கள் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பவுலோடு உண்ண அவர்கள் ஒவ்வொருவரும் ஆசைப்பட்டிருப்பார்கள். பக்கத்துத் தெரு விசுவாசியோடு உண்பதுதான் கூடாமற்போயிற்று.

நகரத்து வாழ்க்கையில் இந்தச் சோதனை வேறு உருவத்தில் வருகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ வீடு வாங்கிப் பிரதிஷ்டை ஜெபம் வைக்கிறோம். அலுவலக மேலாளருக்கும் ஊழியக்காரருக்கும் முன்வரிசை. ஊரில் நம்மை வளர்த்த சித்தப்பாவுக்குத் தகவல் மட்டும் போகிறது. வாசலில் காவல் காக்கும் அண்ணனுக்கு மீந்ததைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறோம். பதிலுக்கு அழைக்கக்கூடியவர்களை விட்டுவிட்டு, பதில் செய்ய முடியாத ஏழைகளையும் ஊனரையும் அழைக்கும்படி ஆண்டவர் சொன்னது (லூக்கா 14), தம்மை விருந்துக்கு அழைத்திருந்த மனுஷனிடத்திலேயே என்பதைக் கவனியுங்கள்.

ஆகையால் வாலிபர் தலைவர்களுக்கு ஓர் ஆலோசனை. ஐந்து பெயர்களை எழுதி முடித்ததும் தாளைத் திருப்பச் சொல்லுங்கள். கடந்த ஒரு வருஷத்தில் தங்கள் வீட்டில் மெய்யாகவே உட்கார்ந்து சாப்பிட்ட ஐந்து பேரின் பெயர்களை மறுபக்கத்தில் எழுதட்டும். உறவினரைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். அதற்குச் சற்று அதிக நேரம் கொடுக்கவேண்டியிருக்கும்.