வேலையிடத்து ஆபத்துகள்: விழுந்தால்தான் விபத்தா?

2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. வெள்ளம் வடியாத வயலில் இறங்கியவர்களுக்கு அது தொழில் தந்த நோய். ஆனால் வேலையிடத்து ஆபத்து என்றதும் பனையிலிருந்து விழுவதும் மின்சாரம் தாக்குவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆபத்துகள் பல வகை.

விபத்து ஆபத்து: மழையில் வழுக்கும் பனை, பலமில்லாத சாரம், உறையில்லாத மின்கம்பி. பாதிப்பு அந்தக் கணமே தெரியும்.

உயிரியல் ஆபத்து: எலியின் சிறுநீர் கலந்த நீரிலுள்ள கிருமி, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் உடலுக்குள் புகும். பாம்புக்கடியும் இவ்வகையே.

இரசாயன ஆபத்து: வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கும்போது நஞ்சு மூச்சால் மட்டுமல்ல, தோலாலும் சேரும். ஈரச் சீமெந்து மேசன்மாரின் கைகளை அரிக்கும்.

பௌதிக ஆபத்து: வெயில், இரைச்சல், அழுத்தம். கடலட்டை பிடிக்க ஆழத்தில் மூழ்குபவர் விரைந்து மேலெழுந்தால், இரத்தத்தில் நைதரசன் குமிழிகள் உருவாகி உடலை முடக்கலாம்.

உடற்சுமை ஆபத்து: குனிந்து நாற்று நடுவதும் ஈரவலை இழுப்பதும் முதுகையும் மூட்டையும் மெல்லத் தேய்க்கும்.

உளச்சமூக ஆபத்து: ஓய்வில்லாத நீண்ட வேலைநேரம், மிரட்டல், பாலியல் தொல்லை.

இவற்றைத் தடுப்பதில் கையுறையும் தலைக்கவசமும் கடைசி அரண் மட்டுமே. முதலில் ஆபத்தை அகற்ற வேண்டும். முடியாவிட்டால் தீங்கு குறைந்ததை நாட வேண்டும். அடுத்தது தடுப்பு அமைப்பும் வேலைமுறை மாற்றமும். காற்றுக்கு எதிரே மருந்தடிக்காதிருக்கச் செலவில்லை. வயலில் இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை கேட்கலாம். காய்ச்சல் வந்தால், என்ன வேலை செய்தீர்கள் என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சட்டத்தின் பாதுகாப்போ எல்லோருக்கும் எட்டுவதில்லை. இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பெயருக்கேற்பத் தொழிற்சாலைகளை மையமாகக் கொண்டது. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம், வேலை கொள்வோரிடம் பணியாற்றுபவருக்கே உதவும். சுயமாக மரமேறுபவரும் சொந்தத் தோட்டம் செய்பவரும் இவற்றுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். பாதுகாப்பான, சுகாதாரமான வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக 2022இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஏற்றது. அந்த உரிமை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வயலுக்கும் பனைக்கும் கடலுக்கும் வரவேண்டும். பனை, தென்னை கூட்டுறவுச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் பயிற்சியையும் காப்புறுதியையும் தம் முதல் கோரிக்கையாக முன்வைக்க வேண்டும்.