கடலுக்குப் போகாத கிழமை

ஞாயிற்றுக்கிழமைகளில் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றையொன்று ஒட்டியபடி கட்டிக் கிடக்கும். தெற்கே ஆலந்தலை, மணப்பாடு போன்ற கத்தோலிக்க மீனவ ஊர்களிலும் அன்று கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் தடைக்காலத்துக்கு அரசு உத்தரவு இருக்கிறது. ஆனால் ஞாயிறு ஓய்வைக் காத்து வருவது ஊரின் கட்டுப்பாடுதான். பரிசுத்த வாழ்வு என்றதும் தனி ஆளின் நோன்பும் செபமும் நம் நினைவுக்கு வருகின்றன. இளைப்பாறுதலை அந்தப் பாடுகளுக்குப் பின்னால் கிடைக்கும் கூலியாக எண்ணிக்கொள்கிறோம். இந்தக் கரையைப் பார்த்தால் வரிசை அப்படி இல்லை என்றே எனக்குப் படுகிறது. ஓய்வு முதலில் வருகிறது, ஊர் முழுவதற்கும் சேர்த்து வருகிறது, பரிசுத்தம் அதில் வேர்பிடிக்கிறது.

முத்துக்குளித்துறை எனப்பட்ட இந்தக் கரையின் பரதவ மீனவர்கள் 1530களின் நடுவில் திரளாகத் திருமுழுக்குப் பெற்றதற்கு, முத்துப்பார்களைக் காத்துக்கொள்ளப் போர்த்துக்கீசியரின் துணை தேவைப்பட்டதும் ஒரு காரணம். 1542இல் வந்த மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் கண்டது, பெயரளவில் கிறிஸ்தவர்களாகி, மன்றாட்டுகள் எதுவும் தெரியாமல் இருந்த மக்களை. அவர் பெரிய தவங்களை அவர்கள் மேல் ஏற்றவில்லை. விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் தமிழில் ஆக்கச் செய்து, ஞாயிறுதோறும் ஆண், பெண், பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிச் சேர்ந்து சொல்லவைத்ததாக 1544இல் ரோமுக்கு எழுதினார். வேலையை நிறுத்தினால்தானே கூட முடியும்? காலில் கல்லைக் கோத்துக்கொண்டு, மேலே கயிறு பிடிப்பவரை நம்பி மூச்சடக்கி இறங்குகிறவருக்கு அந்த நிறுத்தம் எளிதில்லை. முத்துக்குளிப்புப் பருவம் சில வாரங்கள்தான். கடல் கொந்தளித்தால் அதிலும் நாள் குறையும். அப்படியிருந்தும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மன்னார்க் கரையில் அரிப்பு என்ற ஊரில் நடந்த குளிப்பைப் பற்றிய ஐரோப்பியர் குறிப்பில், கத்தோலிக்கக் குளியாட்கள் ஞாயிறன்று வேலையை விட்டுச் செபத்துக்குப் போனது பதிவாகியிருக்கிறது.

இதில் பக்தி எங்கே, மீன் பெருகவும் உடம்பு தேறவும் செய்துகொண்ட ஏற்பாடுதானே என்று கேட்கலாம். இருக்கட்டும், அந்தப் பலனும் உண்டு. ஆனால் மற்றவர்கள் கரையில் இருக்கும் நாளில் கடலுக்குப் போகிற ஒரு படகுக்குத்தான் நல்ல விலை கிடைக்கும். அந்த ஆதாயத்தை எல்லாரும் சேர்ந்து கைவிடும்போது, அடுத்தவரை முந்த வேண்டும் என்ற பரபரப்பு ஒரு நாளாவது அடங்குகிறது. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 4ஆம் அதிகாரம், கடவுள் தம் வேலைகளை முடித்து ஓய்ந்ததுபோல மனிதரும் தம் வேலைகளிலிருந்து ஓய்வதைப் பேசுகிறது. பேராசைக்கு ஓய்வு கொடுக்காமல் அதைச் செய்துவிட முடியாது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ஓய்வுநாள் மனிதருக்காக உண்டானது என்று இயேசுவே சொன்ன பிறகு, கட்டுப்பாடு எப்படிப் பரிசுத்தமாகும்? ஆகாதுதான். கடலுக்குப் போகாமல் இருந்து குடித்துச் சண்டையிட்டால் அது வெறும் விடுமுறை. சவேரியாரே இந்தக் கரையில் குடியோடு ஓயாமல் மல்லுக்கட்டியவர். ஊர்க் கட்டுப்பாடு ஒரு நாளைக் காலியாக்கித் தரும். அதைச் செபத்தாலும், மனத்தாங்கல் தீர்ப்பதாலும், நோயாளியைப் போய்ப் பார்ப்பதாலும் நிரப்புவது அவரவர் பாடு.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறொன்று. விவிலியத்தின் இணைச்சட்ட நூல் 5ஆம் அதிகாரத்தில் வரும் ஓய்வுநாள் கட்டளை வீட்டுக்காரரோடு நிற்கவில்லை. வேலைக்காரர், வேலைக்காரி, மாடு, கழுதை, ஊரில் தங்கிய அந்நியர் என எல்லாரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது, எகிப்தில் நீங்களும் அடிமைகளாக இருந்தீர்கள் என்று காரணமும் காட்டுகிறது. படகு நிற்கும் அதே ஞாயிறன்று வ.உ.சி. துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சரக்கு ஏறி இறங்குகிறது. நாள்கூலிக்கு உப்பளத்தில் உப்பு வாருகிறவருக்கு ஓய்வு என்றால் கூலியிழப்பு. வீட்டுப் பெண்களுக்கு அன்று சமையல் கூடுமே தவிரக் குறையாது. முறைவேலைக்காரர்களுக்கும் உதவும் விதமாக, சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலும் ஞாயிறு கடன் தீரும் என்கிறது 1983இன் திருச்சபைச் சட்டம். பூசைக்கு இப்படி வழி செய்தாகிவிட்டது. உப்பளக்காரருக்கு ஒரு நாள் கூலியோடு ஓய்வு கிடைக்கவும், ஞாயிறன்று அடுப்படி வேலையை ஆண்கள் பகிர்ந்துகொள்ளவும் வழி செய்ய வேண்டியது, படகுகளைக் கரையில் நிறுத்திவைக்கத் தெரிந்த இதே ஊர்கள்தான்.