இருமுறை ஐ-லீக் சாம்பியன். கோகுலத்துக்கு ஐஎஸ்எல் கதவு திறக்காதது ஏன்?

திருவனந்தபுரம்: கேரள கிளப் ஒன்றுக்கு முதன்முறையாக ஐ-லீக் கால்பந்து பட்டத்தைப் பெற்றுத் தந்தவர் இத்தாலியப் பயிற்சியாளர் வின்சென்ஸோ ஆல்பர்ட்டோ அன்னெஸே.

பெலிஸ் தேசிய அணிக்குப் பயிற்சி அளித்த அவர், 2020-இல் கோழிக்கோட்டைச் சேர்ந்த கோகுலம் கேரளா அணியின் பொறுப்பை ஏற்றார். 2021 மார்ச் 27-இல் கொல்கத்தாவில் நடைபெற்ற கடைசி ஆட்டத்தில், முதலில் பின்தங்கிய கோகுலம், 4-1 என்ற கோல் கணக்கில் டிராவு அணியை வீழ்த்திக் கோப்பையைக் கைப்பற்றியது. 2022 மே 14-இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கை 2-1 என வென்று பட்டத்தைத் தக்கவைத்தது. ஐ-லீக் வரலாற்றில் அடுத்தடுத்து பட்டம் வென்ற முதல் அணி இதுவே.

எனினும், இந்தியன் சூப்பர் லீகில் (ஐஎஸ்எல்) விளையாடும் வாய்ப்பு கோகுலத்துக்குக் கிடைக்கவில்லை. ஐ-லீக் சாம்பியனை ஐஎஸ்எல்லுக்குத் தரம் உயர்த்தும் நடைமுறை 2022-23 பருவத்தில்தான் தொடங்கியது. அதன் முதல் பலன் பஞ்சாப் அணிக்குச் சென்றது. அதே பருவத்தில் அன்னெஸே, நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியின் பயிற்சியாளராக ஐஎஸ்எல்லுக்குள் நுழைந்தார்.