உயிர் நூலின் ஈற்று முறுக்கு

“தந்தையாருக்கும் சிற்றப்பாவுக்கும் வந்த புற்றுநோய் நமக்கும் வருமோ?” ஐதராபாத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இவ்வினா தாழ்ந்த குரலில் எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். இதற்கு விடை தேடும் விஞ்ஞானிகள் உயிரணுவின் மிகச் சிறிய பகுதியொன்றையும் ஆராய்ந்து வருகின்றனர்.

அதன் பெயர் டெலோமியர். முடிவு, பகுதி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் ‘ஈற்றுப்பகுதி’ எனலாம். நம் உயிரணுக்களில் பெற்றோர் வழி வந்த 46 குரோமோசோம்கள் உள்ளன. அவை பரம்பரைச் செய்தியைத் தாங்கிய நூல்கள். துண்டின் தலைப்பு பிரிந்துவிடாதிருக்க நெசவாளர் நூலை முறுக்கி முடிச்சிடுவர் அல்லவா? அத்தகைய முறுக்கே டெலோமியர். உயிரணு பிளவுறுந்தோறும் அது சிறிது தேய்கிறது. ஓரளவுக்கு மேல் தேய்ந்தபின் உயிரணு பிளவுறாமல் நின்றுவிடுகிறது. இத்தேய்மானத்தை ஈடு செய்ய டெலோமரேஸ் என்னும் நொதி உண்டு; எனினும் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் அது அடங்கியே கிடக்கிறது.

இவ்வுண்மைகளைக் கண்ட எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டக் ஆகிய மூவர்க்கும் 2009ஆம் ஆண்டில் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது. இரு நாள் கழித்துச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் வேதியியற் பரிசில் பங்கு பெற்றார். அம்மகிழ்ச்சியில் முந்திய பரிசை நம்மிற் பலர் கவனியாது விட்டோம்.

முறுக்கு நீளமாயிருந்தால் ஆயுளும் நீளும் என்று எண்ணத் தோன்றும். விஷயம் அவ்வளவு எளிதன்று. தேய்ந்தபின் நின்றுவிடுவது உடலுக்கு ஒரு காவல். புற்றுநோய்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது, அடங்கிக் கிடந்த டெலோமரேஸை எழுப்பியே அக்காவலைக் கடக்கின்றன. பிறப்பிலேயே நீண்ட முறுக்கைப் பெற்ற உயிரணு மிகுதியான முறை பிளவுறும். பிழைகள் சேரவும் அவகாசம் பெறும். மரபணுக்களை ஒப்பிட்டு 2017இல் வெளியான பெரும் ஆய்வொன்று, நீண்ட டெலோமியர் உடையோர்க்குச் சிலவகை மூளை, நுரையீரல், சூலகப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு மிகுதி என்றும், இதய நோய் வாய்ப்புக் குறைவு என்றும் காட்டிற்று. மிகக் குறுகிய டெலோமியரும் நன்றன்று. எலும்பு மச்சை நலிவு, நுரையீரல் தழும்பு முதலியன அதனால் வரும்.

ஆயினும் வாய்ப்பு வேறு, விதி வேறு. இவ்வாய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரைப் பற்றியவை. நம் மக்களை ஆராய்ந்தால் புதியன தெரியவரும். இந்நகரில் உப்பல் சாலையிலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தார் பங்குகொண்ட 2009ஆம் ஆண்டு ஆய்வு, இதயத் தசையை நலிவிக்கக்கூடிய மரபு மாற்றமொன்று இந்தியரில் நூற்றுக்கு நால்வரளவில் இருப்பதைக் காட்டியது இதற்குச் சான்று.

ஆதலின் டெலோமியர் நீளத்தை அளந்து வரும் ஓர் எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டா, மகிழவும் வேண்டா. புகையிலையை விலக்குவது நம் கையில் உள்ளது. மற்றொன்றும் உண்டு. ஊரை விட்டு வந்த நாம் உறவினரின் நோய் வரலாற்றையும் அங்கேயே விட்டு வந்தோம். “வயிற்றில் கட்டி” என்று சொல்லி முடித்த மரணங்கள் எத்தனை! அடுத்த முறை ஊர் செல்லும்போது, யாருக்கு எந்த நோய், எந்த வயதில் வந்தது என்று பெரியோரிடம் கேட்டு எழுதி வருவோம். அந்த ஒரு தாள், மருத்துவர்க்கு டெலோமியர் அளவை விடப் பயன்படும்.