தெளிநாதமும் பூஸ்ட் பெடலும்

சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இந்நாளைய மரக்காணமே என்று அறிஞர் பலர் கொள்வர். சீறியாழ் ஏந்திய பாணன் செல்லும் நெய்தல் வழியையும், உப்பு விற்கும் உமணரின் வண்டித் தொடரையும் அந்நூலிற் காண்கிறோம். அக்கரையில் இன்றும் உப்புப் பாத்திகள் வெயிலில் வெண்மையாக ஒளிர்கின்றன. உப்பை ஏற்றிச் செல்வன லாரிகள். யாழ் மட்டும் இல்லை. அதன் இடத்தைக் கரையூர்களின் ஆலயங்களிலே எலெக்ட்ரிக் கித்தார் பற்றிக்கொண்டது. இது குறித்து வருந்துவார் வருந்துக, யாம் வருந்துகின்றிலேம். நரம்பிற் பிறக்கும் மெல்லொலியை அவையின் கடைசி வரிசை வரை எட்டச் செய்வது எங்ஙனம் என்னும் வினா, யாழுக்கும் கித்தாருக்கும் பொதுவானது. அவ்வினாவுக்கு விடையாக இந்நாளில் வழங்கும் பூஸ்ட் பெடல் என்னும் சிறு கருவியின் இயல்பை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

யாழுக்குத் தோல் போர்த்த பத்தர் உண்டு. வீணைக்குக் குடம் உண்டு. நரம்பின் அசைவை வாங்கிப் பெரிதாக்குவன அவையே. எலெக்ட்ரிக் கித்தார் பெரும்பாலும் உள்ளீடற்றதன்று, கெட்டி மரத்தாலாயது. மின்சாரமின்றி மீட்டினால் பக்கத்தில் இருப்பவர்க்கே ஒலி கேட்கும். அதன் நரம்புகள் எஃகினால் ஆனவை. அவற்றின் கீழே காந்தமும், காந்தத்தைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றாக மெல்லிய செப்புக்கம்பியும் அமைந்த பிக்கப் என்னும் உறுப்பு உள்ளது. நரம்பு அசையக் காந்தப்புலம் மாறும். புலம் மாறக் கம்பிச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும். 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்ட மின்தூண்டல் விதி இதுவே. இவ்வாறு தோன்றும் அழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ட்டின் சிறு பின்னமே. இதனை ஆம்பிளிபையர் வாங்கிப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

இனி, தெளிநாதம் என்பது யாது? ஆம்பிளிபையர் தன் ஆற்றலின் எல்லைக்குள் நின்று, வந்த அலையை வடிவு மாறாமற் பெருக்கினால் அது தெளிநாதம். எல்லையைக் கடந்தால் அலையின் முடி வெட்டுண்ணும், முன்னில்லாத சுரங்கள் உடன் பிறக்கும், ஒலி கரகரக்கும். மேனாட்டு ராக் இசையாளர் அக்கரகரப்பையே விரும்பித் தேடிக்கொண்டனர். அதனை யாம் இகழ்கின்றிலேம். ஆனால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலமுதல் நம் திருச்சபையில் வழங்கிவரும் கீர்த்தனைகளுக்கு அது பொருந்தாதென்பது எம் துணிபு. காரணம் கமகம். ஒருமுறை மீட்டி, அம்மீட்டின் ஒலி தேய்ந்துகொண்டே போகும்போது நரம்பை இழுத்தும் வழுக்கியும் இரண்டாவது மூன்றாவது சுரங்களைக் காட்டவேண்டும். ஆகவே இராகத்தின் உயிர் பெரும்பாலும் தேய்ந்த ஒலியிலே தங்கியிருக்கிறது. மீட்டிய கணத்து ஒலி எல்லார்க்கும் கேட்கும். தேய்ந்த ஒலியோ சபையார் நூறு பேர் சேர்ந்து பாடும்போது மூழ்கிப்போம்.

இவ்விடர்ப்பாட்டை முன்னரே கண்டவர் உ. சீனிவாஸ் (1969–2014). பழைய மாண்டலினில் இரட்டை இரட்டையாக நிற்கும் எண்ணரம்பு கமகத்துக்கு இடையூறாதலின், அவர் ஐந்து ஒற்றை நரம்பு பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலினைக் கைக்கொண்டார். மீட்டல் ஒன்றில் பல சுரம் நின்று ஒலிக்க மின்சாரம் துணை செய்தது. கித்தாரில் அவ்வாறே கருநாடக இசையை முழுமையாக வாசித்துக் காட்டியவர் ஆர். பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யிற் கப்பற்கட்டும் பொறியியல் கற்று, பின் அமெரிக்காவின் பெர்க்லி இசைக்கல்லூரியிற் பயின்றவர். கித்தார் மேனாட்டுக் கருவியாதலின் கீர்த்தனைக்கு ஆகாதென்பார்க்கு இவ்விருவர் வாசிப்பே விடை. வயலினும் மேனாட்டினின்று வந்ததே என்பதை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

நிற்க. பூஸ்ட் பெடல் என்பது உள்ளங்கையளவான ஓர் உலோகப் பெட்டி. கித்தாருக்கும் ஆம்பிளிபையருக்கும் இடையே தரையில் வைக்கப்படுவது; காலால் மிதித்தால் இயங்கும், மீண்டும் மிதித்தால் ஓயும். உள்ளே ஒன்றிரண்டு டிரான்சிஸ்டரோ ஒரு சிறு ஐ.சி.யோ, வெளியே பெரும்பாலும் ஒரே திருகுமே உள. 1960களின் நடுவில் இங்கிலாந்திலே தோன்றிய ரேஞ்ச்மாஸ்டர் மேற்சுரங்களை மிகுதியாக உயர்த்தியது. அப்பத்தாண்டின் இறுதியில் நியூயார்க்கில் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட எல்.பி.பி.-1 அவ்வளவு வேறுபாடின்றி அழுத்தத்தை உயர்த்தியது. எம்.எக்ஸ்.ஆர். நிறுவனத்தின் மைக்ரோ ஆம்ப் 26 டெசிபெல் வரை, அஃதாவது மின்னழுத்தத்தை ஏறத்தாழ 20 மடங்கு, உயர்த்த வல்லது. அத்துணை வேண்டுவதில்லை. 6 டெசிபெல்லில் அழுத்தம் இருமடங்காம். தனி நரம்பில் வாசிக்கும் இடையிசைக்குப் பெரும்பாலும் அது போதும்.

கித்தாரின் ஆறு நரம்பையும் ஒருங்கே மீட்டிப் பாட்டுக்குத் துணையாக வாசிக்கும்போது ஒலி தானே மிகுந்திருக்கும். சரணங்களுக்கிடையே ஒற்றை நரம்பில் மெட்டை எடுக்கும்போதோ ஒலி மெலியும். அப்போது பெடலை மிதிப்பதும், பாட்டுத் தொடங்கியவுடன் மீண்டும் மிதித்து ஓய்த்தலுமே இதன் தலையாய பயன். மெலிந்த வாலோசையும் உடன் உயர்தலின் கமகம் கேட்கும். அவ்வாறன்றி, ஆராதனை முழுவதும் பெடலை ஓயாது இயக்கி வைப்பாரும் உளர். அவர்க்கு வேண்டுவது பெடல் அன்று. ஆம்பிளிபையரின் திருகைச் சிறிது திருப்பினாலே அமையும்.

பெடல் ஆற்றலைப் படைப்பதில்லை என்பதை நன்கு அறிதல் வேண்டும். பெருக்கும் ஆற்றல் ஆம்பிளிபையருடையதே. 10 வாட் அளவில் ஒலித்துக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு 6 டெசிபெல் ஏற்றினால் 40 வாட் வேண்டும். கருவி 20 வாட்டே தரவல்லதாயின் முடி வெட்டுண்டு கரகரப்புப் பிறக்கும். பெடலைப் பழிப்பதில் பயனில்லை. ஆதலால் முதலில் பெடலை இயக்கி, நரம்பை இயன்ற அளவு வன்மையாக மீட்டி, கரகரப்பில்லாத அளவுக்கு ஆம்பிளிபையரைத் தணித்து வைத்துக்கொள்க. அதன்பின் பெடலை ஓய்த்துத் துணையிசையைத் தொடங்கலாம். மென்மையாக மீட்டிப் பெடலைச் சற்று உயர்த்தி வைத்தல் இன்னும் நன்று.

சிற்றாலயங்கள் பலவற்றில் கித்தாருக்கெனத் தனி ஆம்பிளிபையர் இராது. பாடுவோர் மைக்குகள் சேரும் மிக்சரிலேயே கித்தாரையும் நேரே செருகிவிடுவர். பிக்கப்பின் மின்தடை மிகுதியானது; மிக்சரின் வாயிலோ அதற்கேற்ப அமைந்ததன்று. விளைவாக ஒலி மங்கி, துணியால் மூடியதுபோல் ஆகிறது. நீண்ட கேபிளும் மேற்சுரங்களைத் தின்றுவிடும். பூஸ்ட் பெடலின் வாயில் பெரும்பாலும் கித்தாரை வருத்தாத உயர்தடை உடையது; அதன் வெளிவாயில் தாழ்தடை உடையது. எனவே ஒலியை உயர்த்தாமல் திருகைத் தாழ்த்தி வைத்திருந்தாலும், இயங்கும் பெடல் மங்கலை நீக்கும். இதன்பொருட்டுப் பெடலை மிக்சரருகில் வையாது வாசிப்பவர் காலடியில் வைத்து, கித்தாரினின்று வரும் கேபிளைக் குறுகியதாக்கி, நீண்ட கேபிளைப் பெடலுக்கு அப்பால் விடுக.

உப்பளக்கரையிலே இன்னுமோர் இடையூறு உண்டு. ஈரக்காற்றோடு வரும் உப்பு நரம்பைத் துருப்பிடிக்கச் செய்யும். செருகியையும் ஜாக்கையும் அரிக்கும். துருவேறிய நரம்பு மந்தமாக ஒலிக்கும். அரித்த இணைப்போ படபடவென்று ஓசையிடும். பெடல் நல்லதையும் அல்லதையும் பிரித்தறியாது. நாதத்தை இருமடங்காக்கும்போது படபடப்பையும் மின்கம்பியின் இரைச்சலையும் இருமடங்காக்கும். வாசித்தபின் நரம்பை உலர்துணியாற் துடைத்தலும், செருகியைத் துப்புரவாக வைத்தலும் பெடல் வாங்குமுன் செய்யத்தக்கன. இரைச்சலைப் போக்குகிறோமென்று ஆம்பிளிபையர் பிளக்கின் நிலத்தொடுப்புக் காலை முறித்தல் உயிருக்கே கேடு. நரம்பைத் தொட்டிருக்கும் கையொடு மைக்கில் வாய்வைப்பவரை மின்சாரம் தாக்கும்.

9 வோல்ட் பாட்டரியால் இயங்கும் பெடல்களிற் பெரும்பாலானவற்றுக்குக் கேபிளே விசை. பாட்டு முடிந்தபின் கித்தார்க் கேபிளைப் பெடலிலேயே செருகிவைத்துப் போனால், காலால் ஓய்த்திருந்தும் பாட்டரி கரைந்துகொண்டேயிருக்கும். அடுத்த ஞாயிறன்று பெடல் பேசாது.