வைகையும் வையையும்: தேடலில் நிகழ்தகவு

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம், முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முன்னெடுப்பிலும் உலகெங்குமுள்ள தமிழன்பர்களின் ஊதியமில்லா உழைப்பிலும் வளர்ந்து, சங்க நூல்கள் முதல் தற்கால நாவல்கள் வரை நூற்றுக்கணக்கான படைப்புகளை மின்பதிப்பாக்கியுள்ளது. இத்தகைய பெருந்தொகுப்பிலிருந்து வாசகருக்கு வேண்டியதைக் கண்டெடுத்துத் தரும் துறை தகவல் மீட்பு எனப்படும்.

வாசகரின் தேவையைக் கணினி நேரடியாக அறிய இயலாது என்பதால், ஓர் ஆவணம் அத்தேவைக்குப் பொருந்தும் வாய்ப்பை, அதாவது நிகழ்தகவை, மதிப்பிட வேண்டும் என்று 1960இல் மேரன், கூன்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் முன்மொழிந்தனர். அம்மதிப்பு மிகுந்ததை முதலிலும் குறைந்ததைப் பின்னரும் அடுக்குவதே வாசகருக்கு உற்ற பயன் தரும் என்னும் கொள்கையை 1977இல் ஸ்டீஃபன் ராபர்ட்சன் விரித்துரைத்தார்.

‘வைகை வெள்ளம்’ என்று ஒருவர் தேடுவதாகக் கொள்ளலாம். அருள்வெள்ளம், இன்பவெள்ளம் என்றெல்லாம் பரவலாக வழங்கும் சொல்லைவிட, சில நூல்களில் மட்டுமே வரும் ‘வைகை’ தேடுபவரின் நோக்கத்தைத் தெளிவாகக் காட்டுவதால், அதற்கே கூடுதல் எடை தரப்படும். அரிய சொல்லுக்கு எடை கூட்டும் இவ்வழியை 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் வகுத்தார். 1990களில் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ராபர்ட்சன் குழுவினர் உருவாக்கிய பிஎம்25 என்னும் வாய்பாடு, ஒரு சொல் மீண்டும் மீண்டும் வரும்போது அது சேர்க்கும் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து, ஆவணத்தின் நீளத்தையும் கணக்கிற்கொள்கிறது. ஆகவே 3,000க்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட திருவிளையாடற் புராணம், நீளத்தின் வலிமையால் மட்டும் சிறிய ஆவணங்களை முந்திவிடாது.

ஆயினும், வைகையைப் பாடும் பரிபாடல் அந்த ஆற்றை ‘வையை’ என்றும் அதன் பெருக்கைப் ‘புனல்’ என்றும் குறிப்பதால், தேடிய சொற்கள் அங்கே அகப்படாமல் போகலாம். பரிபாடலைப் பற்றிய உரைநடைக் கட்டுரைகள் சிலவற்றை வாசகர் பொருத்தமானவை எனக் குறித்தால், அவற்றில் மிகுந்தும் பிறவற்றில் அருகியும் வரும் அவ்விரு சொற்களைத் தேடுபொறி கண்டறிந்து தேடலில் சேர்த்துக்கொள்ளும். இதற்கு அடிப்படையான எடைக்கணக்கை ராபர்ட்சனும் ஸ்பார்க் ஜோன்சும் 1976இல் வெளியிட்டனர்.

தமிழில் இன்னொரு பணியும் உண்டு. ‘வெள்ளம்’, ‘வெள்ளத்தை’, ‘வெள்ளத்தால்’ ஆகியவற்றை வெவ்வேறு சொற்களாக எண்ணினால் எண்ணிக்கை சிதறி, நிகழ்தகவு பிழைபடும். எனவே மின்பதிப்பாளர்களின் உழைப்பு வாசகரை முழுமையாகச் சென்றடைய, சாரியை, வேற்றுமை, புணர்ச்சி ஆகியவற்றைப் பகுத்தறியும் இலக்கண அறிவும் தேடுபொறியின் கணக்கிற்குள் இடம்பெற வேண்டும்.