முதுமையில் ஒரு நோயும் இரு வழிகளும்



கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அருகே எனக்கு நண்பர் ஒருவர் உண்டு. வயது 72. மிளகும் காப்பியும் பயிரிடுபவர். சென்ற ஆண்டு அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சுச் சிகிச்சை என இரு வழிகளை எடுத்துரைத்த மருத்துவர், "எது வேண்டும் என்று யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். நண்பர் மலையேறி வந்து, கல்லூரியில் பயிலும் பேரனிடம், "நீ படித்தவனப்பா, நீயே சொல்" என்றார். பேரன் திகைத்து என்னிடம் ஓடிவந்தான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நாளை இக்கேள்வி உங்கள் வீட்டிலும் எழக்கூடும்.

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. மூத்திரப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில், சிறுநீர் வழியைச் சூழ்ந்து நிற்பது. வயது ஏற ஏற அது பருப்பது இயல்பு. பருத்ததெல்லாம் புற்று அன்று. இரத்தப் பரிசோதனை ஐயத்தை எழுப்பும். சதைத் துணுக்கை எடுத்து நுண்பெருக்கியில் நோக்கியே உறுதி செய்வர். நோய் சுரப்பிக்குள் அடங்கியிருக்கும் நிலையைப் பற்றியே இங்குப் பேசுகிறேன். உடலில் பரவிவிட்டால் சிகிச்சை முறை வேறு.

சுரப்பி முழுவதையும் அகற்றும் அறுவையை 1904-இல் அமெரிக்காவில் ஹியூ யங் என்பவர் செய்தார். அருகிலுள்ள நரம்புகளைக் காக்கும் முறையை 1982-இல் பாட்ரிக் வால்ஷ் வகுத்தார். கதிர்வீச்சோ உடலைக் கீறாமல் புற்றணுக்களை அழிப்பது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம், நம் நாட்டில் அச்சிகிச்சையை வளர்த்த முன்னோடிகளுள் ஒன்று.

இவற்றுள் எது உயிரை நெடிது காக்கும்? பிரிட்டனில் 50 முதல் 69 வயதுக்குட்பட்ட நோயாளிகள் 1,643 பேரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவுக்கு அறுவை, ஒன்றுக்குக் கதிர்வீச்சு, மற்றொன்றுக்குச் சிகிச்சையைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பு. 2023-இல் வெளியான முடிவு வியப்பூட்டுவது. 15 ஆண்டுகளில் இந்நோயால் மாண்டோர் எப்பிரிவிலும் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் அல்லது மூவரே. கண்காணிப்புப் பிரிவில் நோய் பரவியது மட்டும் மிகுதி. ஆகவே மெல்ல வளரும் நோயாயின், பொறுத்திருந்து பார்ப்பதும் ஒரு வழியே. என் நண்பருக்கு வந்தது அவ்வகையன்று; சிகிச்சை தேவைப்பட்டது.

உயிர்காப்பில் இரண்டும் ஏறத்தாழ நிகர் எனின், வேற்றுமை எங்கே? பின்விளைவில். அறுவைக்குப் பின் சிறுநீர் அடக்க இயலாமல் கசிவது மிகுதி. வயது கூடக்கூட அது தேறுவதும் தாமதம். மயக்க மருந்தைத் தாங்கும் இதயமும் வேண்டும். கதிர்வீச்சிலோ மலக்குடல் புண்பட்டு, சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் இரத்தம் கசியலாம். ஆண்மைக் குறைவு இரண்டிலும் உண்டு. அறுவையில் உடனே, கதிர்வீச்சில் மெல்ல மெல்ல. அறுவைக்குப் பின் நோய் திரும்பினால் கதிர்வீச்சுத் தரலாம். கதிர்வீச்சுக்குப் பின் அறுவை செய்வது கடினம்.

மலைவாழ்வோருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அறுவைக்குச் சில நாள் மருத்துவமனை வாசம். சிறுநீர்க் குழாயுடன் ஓரிரு வாரம். கதிர்வீச்சுக்குப் பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் வீதம் நான்கு வாரமோ அதற்கு மேலோ செல்ல வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகளை நாள்தோறும் இறங்கி ஏற எந்த முதியவரால் இயலும்?

பேரனிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, நீ முடிவு சொல்லாதே, தாத்தாவைக் கேள். எதற்கு அஞ்சுகிறார்? எதைப் பொறுத்துக்கொள்வார்? இதயம் எப்படி? தங்க இடம் உண்டா? அவர் விடைகளைத் தாளில் எழுதி மருத்துவரிடம் கொண்டு போ. ஓரிரு வாரம் யோசிக்கலாமா என்றும் கேள். பெரும்பாலும் இந்நோய் அவ்வவகாசத்தைத் தரும்."

இதய நோய் உள்ள நண்பர், சமவெளியில் மகள் வீட்டில் தங்கிக் கதிர்வீச்சை ஏற்றார். திடமான உடலுள்ள வேறொருவர் அறுவையைத் தேர்ந்தால் அதுவும் தவறன்று. உடல் அவருடையது; முடிவும் அவருடையதே. தெளிவாகக் கேட்கத் துணை நிற்பது படித்த பிள்ளைகளின் கடமை.